சும்மா எடைக்கு

மனைவி 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அதுதான் முதல் சந்தேகம்.

"கடையை மூடிட்டு மலைப்பாதையில நாலஞ்சு நாள் சைக்கிள்ல போறேன். தனியா."

பூகம்பத்தை எதிர்பார்த்திருந்தார். "போயிட்டு வாங்க" என்றாள். கையிலிருந்த கரண்டிகூட நிற்கவில்லை.

உண்மைக் காரணம் வேறு. அவர் வீட்டுப் பின்னறையில் ஒட்டிக்கொண்டிருந்த மைத்துனன் மலைமேல் வீடு பிடித்திருந்தான். லாரி ஏறாத மண்பாதை. சாமான்களை ஆள்தான் சுமக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூட்டை கிளம்பும் நாளில் தான் ஊரிலேயே இருக்கக் கூடாது என்பதுதான் திட்டம்.

பைகள் வாங்கினார். கரடுமுரடில் கேரியர் ஆடிக் கழன்றுவிடும் என்பதால், சைக்கிளோடு வார்போட்டு இறுக்கும் பைகள். ஹேண்டிலில் ஒன்று, சட்டத்து முக்கோணத்துக்குள் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் வால்போல ஒன்று.

"சுமையோட ஓட்டிப் பழக வேண்டாமா?" என்றாள் மனைவி.

"பழகணும்தான். கூடாரத்தை எடு."

"புதுக் கூடாரத்தை ஏன் அழுக்காக்கணும்? எடைக்கு நான் ஏதாவது வைக்கிறேன். தம்பி வீடு வரைக்கும் ஏறி, மூச்சு வாங்கிட்டு வாங்க."

எங்கோ இடித்தது. பையைத் திறந்தார். இஸ்திரிப் பெட்டி.

"இது எதுக்கு?"

"கனமானது கீழ, நடுவுல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். அவர் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள் என்பது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மலைமேல், புது வீட்டைத் துடைப்பதற்காக முன்னாலேயே போயிருந்த மைத்துனன் வாசலில் நின்றான். "வாங்க மாமா! உக்காந்து தண்ணி குடிங்க. பையோட வாரை நான் பார்த்துக்கறேன்" என்று பைகளை உள்ளே கொண்டுபோனான்.

இவ்வளவு மரியாதையா? ஆளை உருக்கி மூட்டை தூக்க வைக்கிற சதி என்று முடிவுகட்டினார். கல்லாக இருந்தார். இறங்கும்போது பையிலும் கல் இருந்தது.

"இறக்கத்துலதான் மாமா சுமை ஆளைத் தள்ளும். அதையும் பழகிடுங்க."

தினமும் பழகினார். ஒருநாள் பாத்திரம், ஒருநாள் போர்வை, ஒருநாள் பிரித்துக் கட்டிய மேஜைக்கால். கிளம்புமுன் பையைத் துழாவுவார். பயணத்தைக் கெடுக்கிற மாதிரி எதுவும் அகப்படாது.

பின்னறை பூட்டியே கிடந்தது. சூழ்ச்சி அங்கேதான்! ஊராருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர், சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. நிம்மதியாகத் திரும்பினார்.

கிளம்பும் காலை வந்தது. கூடாரத்தை இறுக்கிக் கட்டி, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாவம், உன் தம்பி சாமான் ஏத்துற நேரத்துல நான் இல்லாம போறேனேன்னு மனசு கேக்கல."

"என்ன சாமான்? கட்டிலும் பீரோவும் அந்த வீட்டோடவே இருக்கு. மத்ததெல்லாம் நேத்து நீங்க கொண்டுபோன திரைச்சீலையோட முடிஞ்சுதே."

அவர் கால் பெடலிலிருந்து தானாக இறங்கியது. கண் முற்றத்துக்குப் போனது. அவளுடைய பூச்செடிகளைச் சுற்றி அழகாக வரப்புக் கட்டியிருந்தது. அத்தனையும் மலைக்கல்.

"அதுல இன்னும் ஒரு ஓரம் பாக்கி இருக்குங்க," என்றாள். "வரும்போது வெறும் பையோட வந்துடாதீங்க."