தராசு நானா விரல் வைத்த கதை

கற்பிட்டிப் பக்கத்தில் தராசு நானாவைவிட நேர்மையான மனிதர் இருந்ததில்லை. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு களவு செய்தார். அதற்கும் இருபது வயோதிபர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

உப்பளத்தில் மூட்டை நிறுத்தவர். வேலை விட்ட பிறகும் சாரன் மடிப்பில் ஒரு தொங்கு தராசு இருக்கும். பாண் நிறுப்பார், மீன் நிறுப்பார், பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் துவாயில் கட்டி அதையும் நிறுப்பார். பாண் கடைக்காரர் அவரைக் கண்டதும் கேட்காமலே ஒரு துண்டு கூட வைப்பார். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் யாரோ ஒருவரின் குர்பான் இறைச்சிப் பங்கு கொஞ்சம் குறைந்துவிட்டது. தன் பங்கிலிருந்து வெட்டிப் போட்டார். பிறகு தன் பங்கு குறைகிறது என்று பள்ளிவாசலில் தானே முறைப்பாடும் செய்தார்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கம் பல நிறுவனங்கள் வந்தன. கிணறு தந்தார்கள், மலசலகூடம் தந்தார்கள், கோழிக்குஞ்சு தந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் மூளையைக் காப்பாற்ற வந்தார்கள். குறிஞ்சிப்பிட்டி மண்டபத்தில் செவ்வாய்தோறும் வயதானவர்கள் கூடி கரம் விளையாட வேண்டும், பழைய பாட்டுப் படிக்க வேண்டும், கடற்கரையில் நடக்க வேண்டும். மறதி தள்ளிப்போகுமாம். கதிரை அடுக்குவதும் பிளேன்டீ ஊற்றுவதும் என் வேலை.

நானாவுக்கு இதில் பெரிய அக்கறை. அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா உலையை வைத்துவிட்டு, கையிலிருக்கும் அரிசி எதற்கு என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

முதல் நாளே அந்த நிறுவனத்திலிருந்து வந்த கொழும்பு மிஸ் ஒரு சோதனை வைத்தார். இன்று என்ன கிழமை என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும் ஐந்து சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சோதனை என்றதும் நானாவுக்கு ஊர் மானம் பெரிதாகிவிட்டது. முதலில் போய் வந்தவரிடம் ஐந்து சொல்லையும் வாங்கி, வெளியே வேப்பமரத்தடியில் முறைக்குக் காத்து நின்ற எல்லோருக்கும் பாடமாக்கிக் கொடுத்தார். ராத்தாவுக்கு மட்டும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அதனால் மிஸ்ஸுக்குப் பின்னாலிருந்த யன்னலில் நின்று நடித்தார். மீனுக்குக் கையை நெளித்தார். குடைக்குக் கையைத் தலைக்கு மேல் விரித்தார். ஆட்டுக்குச் சத்தம் வராமல் கத்தினார்.

எல்லோருக்கும் முழுப் புள்ளி.

மிஸ் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஊர்ல என்ன சாப்பிடுறீங்க?”

“மீன், மிஸ்,” என்றேன்.

ஒரு வருடம் போனது. வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்த ராத்தா, செவ்வாய் காலையில் தானாகவே முக்காட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. மறுபடி சோதனையாம். புள்ளி கூடியிருந்தால்தான் காசு கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் மண்டபத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

“நானா, நிரம்பின மூட்டையில இன்னும் என்னத்தப் போடுற?” என்று கேட்டேன்.

அவர் பிளேன்டீயை ஊதி ஊதி ஆறவைத்தார். குடிக்காமலே போய்விட்டார்.

மிஸ் வந்த அன்று நானா தராசை எடுத்து மேசையில் வைத்தார்.

“மிஸ், முதல் நிறுவையில நான் விரல் வெச்சிட்டன்.”

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. நானா யன்னலடிக்குப் போய் முழுவதையும் நடித்துக் காட்டினார், ஆடு உட்பட. மிஸ் சிரிக்கவில்லை.

“ஐயா, இத நான் எழுதத்தான் வேணும். எழுதினா அவங்க நிப்பாட்டவும் கூடும்.”

“எழுதுங்க. இண்டைக்குத் திரும்ப நிறுங்க. நான் வெளிய நிக்கிறன். தம்பி, நீ என்னப் பிடிச்சிக்க.”

அவர் கையைப் பிடித்து, கடலைப் பார்க்க நிறுத்திவைத்தேன். உள்ளே ராத்தாவின் முறை வந்தது. ஐந்து சொல்லில் ஒன்றும் வரவில்லை. நானாவின் கை தன்பாட்டில் ஒருமுறை நெளிந்தது. இறுக்கிப் பிடித்தேன்.

“இண்டைக்கு என்ன கிழமை, அம்மா?”

“செவ்வா.”

“எப்பிடித் தெரியும்?”

“இவர் காலையில தாடி சீவினாரே. இங்க வாற நாள்லதான் சீவுவார்.”

நானா கடலைப் பார்த்தபடியே கேட்டார். “எத்தின, தம்பி?”

“ஒண்டு, நானா.”

“சரியான நிறைதானே?”

“ஓம் நானா. ஆரும் விரல் வெக்கல்ல.”

தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

மிஸ் நடந்ததை நடந்தபடியே எழுதினார். காசு கொடுப்பவர்களுக்கு எந்த ஊரிலிருந்தும் இப்படியொரு அறிக்கை வந்ததில்லையாம். இதையே முதல் சோதனையாக வைத்து இன்னும் ஒரு வருடம் நடத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு காசு வந்த வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. கரம் பலகை இருப்பதால் நாங்கள் நிறுத்தவில்லை.

நானா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. செவ்வாய்க்கிழமைகளில் ராத்தாவை நான்தான் கூட்டி வருகிறேன். வழியில் ஒரு பாண் வாங்கி, கையில் தூக்கிப் பார்ப்பேன். எனக்கு நிறை ஒன்றும் விளங்காது. ஆனாலும் கடைக்காரர் பேசாமல் ஒரு துண்டு கூட வைக்கிறார். அந்தத் துண்டு ராத்தாவுக்கு.