எடை மேடைக்காரரின் எடை

உயிரே போனாலும் தன் எடையை வெளியே சொல்வதில்லை என்று எடை மேடைக்காரர் முடிவெடுத்தபோது, எதிரே இருந்த டாக்டர் அவருடைய உயிரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நெஞ்சு படபடக்கிறது என்று போன இடம். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, உள்ளே ரத்தம் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம், அதனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர். பெருத்த உடம்புக்கு எந்த மாத்திரை, என்ன பரிசோதனை என்பதை எடை தெரிந்துதான் முடிவு செய்ய வேண்டுமாம். மூலையிலிருந்த எடைக் கருவியைக் காட்டினார். அதன் முள் நூற்றிருபதோடு நின்றுவிடும் என்பது தொழில் தெரிந்த கண்ணுக்கு உடனே தெரிந்தது. முழங்கால் வலி, ஏற முடியாது என்று சொல்லிவிட்டு, கூசாமல் "தொண்ணூத்தெட்டு" என்றார்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பத்து வருஷத்துப் பழைய உண்மை.

கூட வந்திருந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதி, எடை போட்ட சீட்டோடு வரச் சொன்னார்.

எடை மேடைக்காரர் லாரிகளிடம் ஈவிரக்கம் பார்க்காதவர். ஒரு மூட்டை கூடினாலும் ஓட்டுநரை இறக்கி நிற்க வைத்துவிடுவார். தன் சீட்டை மட்டும் எப்படித் தட்டிக் கழிப்பது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு வேன்காரர் ஒரு பழைய பீரோவை ஏற்றிக்கொண்டு எடை மேடைக்கு வந்தார். கூடவே எடை மேடைக்காரரின் மனைவி, அவருக்கான சாப்பாட்டுக் கூடையோடு. பீரோவுக்கு எதற்கு எடை என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இவர் ஒண்ணு சொல்றார். லாரி எடை போடற மெஷினுக்கு ஒரு ஆள் ஏறினாலும் இறங்கினாலும் தெரியாதாமே? எனக்கும் அப்படித்தான் தோணுது."

அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மெஷினைச் சொல்லக் கூடாது. வேன்காரரை இறங்கச் சொல்லி, ஆளில்லாத வேனுக்கு, பீரோவோடு, ஒரு சீட்டுப் போட வைத்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது. பிறகு தானே பின்பக்கம் தாவி ஏறி, பீரோவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சீட்டுப் போடும் அம்மா உரக்க வாசித்தார்: ஆயிரத்து முந்நூற்று எழுபது.

இறங்கிய வேகத்தில் இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, வேன்காரர் கையில் திணித்தார். வேன்காரர் அதை அப்படியே இவர் மனைவியிடம் கொடுத்தார். அவள் நாலாக மடித்துப் பர்சில் வைத்தபோதுதான் அவருக்குக் கழித்தல் கணக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெஷின் பத்து கிலோ முன்னே பின்னே காட்டும் என்று நோயாளி இழுத்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார் டாக்டர். தொண்ணூற்றெட்டை நம்பிக்கொண்டே போயிருந்தால் மருந்து போதுமா போதாதா என்று யாருக்கும் தெரிந்திருக்காது, விளையாட்டு இல்லை இது, என்று சொல்லி மாத்திரையை மாற்றினார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். எடை மேடைக்காரருக்கு முதல்முறையாக உள்ளூரப் பயம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க பேன்ட் இடுப்பப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறது யாரு?"

"அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அது பேச்சு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே அது சீட்டு."