ஹோர்ஸ்ட்டின்ர தோட்டாவில என்ன பிழை?

ஒரு சாமானில விரல்கூடப் படாமல் அதைப் பழுதாக்க உங்களுக்கு ஏலுமோ? எனக்கு ஏலும். செய்தும் காட்டினனான். அதுவும் சும்மா சாமான் இல்லை, துவக்கு! (பதறாதேங்கோ, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. போனது என்ர மானம் மட்டும்தான்.)

நாலு வருசத்துக்கு முந்தின கதை. நான் அப்ப இஞ்சினியருக்குப் படிக்கத் தொடங்கி மூண்டாவது செமஸ்டர். எனக்குத் தெரியாதது எண்டு உலகத்தில ஒண்டுமே இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்ச காலம். ஜேர்மனியில, பீலெஃபெல்டில அப்பா வேலை செய்யிற தளபாடத் தொழிற்சாலையில ஹோர்ஸ்ட் எண்டொரு மைஸ்டர். அப்பாவுக்கு அவர்தான் மேலாள். ஞாயிறு எண்டா ஊர் சூட்டுக் கிளப்பில போய்க் குறிபாத்துச் சுடுறவர். அந்த வருசம்தான் அனுமதி எடுத்து, சுட்டு முடிஞ்ச பித்தளைக் கோதுக்குள்ள திரும்ப மருந்து நிரப்பித் தோட்டாவைத் தானே செய்யத் தொடங்கியிருந்தார். அதைச் சோதிக்கத் துணைக்கு ஒரு மூளைசாலி வேணும் எண்டு அப்பாட்டைக் கேட்டிருக்கிறார். அப்பா மார்பை நிமித்திக்கொண்டு என்னைக் குடுத்திட்டார்.

அம்மாவுக்கு விசர் வந்திட்டுது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து சாவகச்சேரியில இருந்து ஓடி வந்த சனம் நாங்கள். இந்தத் துரை ஞாயிற்றுக்கிழமையில பஸ் ஏறிப் போய்க் கேட்டிட்டு வரப் போறாராம்!"

போனன். நான் மருந்தைத் தொடக்கூடாது, துவக்கையும் தொடக்கூடாது. என்ர வேலை, பெரிய தூரக் கண்ணாடியால அட்டையைப் பாத்து, குண்டு எங்க விழுந்தது எண்டு சொல்றது. காதில ரெண்டு பேருக்கும் பெரிய காதுமூடி, கதைக்க ஏலாது. அதால ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஹோர்ஸ்ட் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார், "சரியோ?" எண்ட மாதிரி. நான் தலையால பதில் சொல்லுவன். சொல்லிப்போட்டு உடனே கண்ணாடிக்குள்ள திரும்ப முகத்தைப் புதைச்சிடுவன், அடுத்த குண்டைத் தவறவிடக்கூடாதே!

முதல் குண்டு அச்சொட்டா நடுவில விழும். ரெண்டாவது இடப்பக்கம் துளி தள்ளி. மூண்டாவது இன்னும் கொஞ்சம் தள்ளி. நாலாவது எங்கயெண்டே தெரியாது.

கடைத்தோட்டாவைக் கிழமை நாளில ஹோர்ஸ்ட் தனியப் போய், துவக்கின்ர குறிக்கண்ணாடியைச் சரிப்பண்ணிச் சுடேக்க எல்லாம் ஒழுங்கா ஒரே இடத்தில விழுமாம். அப்ப ஆர் குற்றவாளி? வீட்டில செய்த தோட்டாதான்! (என்ன லொஜிக், என்ன லொஜிக்!) நான் விசாரணையில இறங்கினன். மருந்து நிறுக்கிற தராசில காத்துப் படுது எண்டன். ஹோர்ஸ்ட் பாவம், நிலக்கீழ் அறை யன்னலெல்லாம் அடைச்சு, வேர்த்து விறுவிறுத்து நிறுத்தார். பித்தளைக் கோது ஒரே நீளம் இல்லை எண்டன். இருந்து ஒவ்வொண்டா அளந்தார். குழல் ஊத்தை எண்டன். தேய் தேயெண்டு தேய்ச்சார். ஒண்டும் திருந்தேல்லை. அட்டையைப் பாத்தா ஆரோ எறிஞ்ச கடலை மாதிரி ஓட்டை.

இதுக்குள்ள மாவட்டப் போட்டி வந்திட்டுது. ஹோர்ஸ்ட்டுக்கு அடுத்த வருசம் பென்ஷன். வாழ்நாளில ஒருக்காலும் அணியில நிண்டதில்லை, இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அணித் தலைவர் டீற்றர் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார்:

"வாற ஞாயிறு அஞ்சு குண்டு. அஞ்சையும் ஒரு பழைய அஞ்சு மார்க் காசுக் குத்தி மூடவேணும். இல்லாட்டி என்ர மருமகன் சுடுவான்." பிறகு என்னைப் பாத்து, "இஞ்சினியர் ஐயா, அடுத்ததா எதில பிழை பிடிக்கப் போறியள்? நிலாவிலயோ?"

அண்டைக்கு ஹோர்ஸ்ட் வீட்டுக் கோப்பி மேசையில செத்த வீட்டு முகத்தோட இருந்தம். அவற்ற மனிசி கிசெலா பிளம்ஸ் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னொரு துண்டு?" எண்டா. நான் சந்தோசமாத் தலையாட்டினன். அவ கேக்கைத் திருப்பி உள்ள கொண்டு போறா!

"ஏன் கொண்டு போறியள்? நான் ஓம் எண்டெல்லோ சொன்னனான்!"

"எங்க சொன்னனீ? தலையை அங்கயும் இங்கயும் ஆட்டி நைன், இல்லை எண்டெல்லோ சொன்னனீ. எப்ப கேட்டாலும் அப்பிடித்தானே ஆட்டுறனீ. உனக்கு என்ர கேக் பிடிக்கேல்லை எண்டு நான் எவ்வளவு கவலைப்பட்டனான்!"

ஹோர்ஸ்ட்டின்ர முள்ளுக்கரண்டி அந்தரத்தில நிண்டுது.

"பொறு, தம்பி. சூட்டு இடத்தில நீ இப்பிடி ஆட்டினா என்ன கருத்து?"

"நல்லா விழுந்திருக்கு எண்டு."

"வேகமா ஆட்டினா?"

"அச்சொட்டா நடுவில எண்டு!"

அவர் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்தினார். "நீ ஆட்டேக்க எல்லாம் பிழையெண்டு நினைச்சு நான் குறிக்கண்ணாடியைத் திருகினனான். ரெண்டு கிளிக். நீ வேகமா ஆட்டினா நாலு."

விளங்குதோ? குண்டு திறமா விழ விழ நான் உற்சாகமா ஆட்டியிருக்கிறன். நான் ஆட்ட ஆட்ட அவர் திருகித் திருகிக் கெடுத்திருக்கிறார். பிழையா விழுந்தா நான் கவலையில ஆடாமல் அசையாமல் இருப்பன். சரியாக்கும் எண்டு அவர் அதை அப்பிடியே விட்டிடுவார்! ஒண்டு மற்றதை மாத்த, மற்றது திரும்ப இதை மாத்திற இந்த மாதிரிச் சுத்துக்களைப் பற்றித்தான் யூனியில ஒரு முழுப் பாடம் படிச்சு, சோதினையில திறமான புள்ளியும் எடுத்தனான். எனக்குப் பக்கத்திலயே அதே சுத்து ஓடேக்க எனக்கு விளங்கேல்லை.

அடுத்த ஞாயிறு கிசெலாவும் வந்தா. எனக்குப் பக்கத்தில இருந்து, என்ர தலையை ரெண்டு கையாலயும் பூசணிக்காயைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டா. ஹோர்ஸ்ட் அஞ்சு வெடி வைச்சார். குறிக்கண்ணாடியில கையே வைக்கேல்லை. டீற்றர் அட்டையைக் கழட்டி அஞ்சு மார்க் குத்தியை மேல வைச்சார். குத்தியைச் சுத்தித் தேடுறார், ஓட்டையே இல்லை. எல்லாம் குத்திக்குக் கீழ!

"அப்ப பிழை தோட்டாவில இல்லையோ?"

"இல்லை," எண்டார் ஹோர்ஸ்ட்.

"துவக்கில?"

"இல்லை."

"பின்ன எதில?"

கிசெலா என்ர தலையைத் தூக்கிக் காட்டினா. "இதில!"

சிரிப்பெண்டா சிரிப்பு. டீற்றர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு அந்த இடத்திலயே ஹோர்ஸ்ட்டின்ர பேரை எழுதினார். மருமகன் போட்டிக்குக் கதிரை தூக்க மட்டும்தான் வந்தவன்.

போட்டியில வெண்டிட்டம்! அணியில ஆகக்கூடின புள்ளி ஹோர்ஸ்ட்டுக்கு, சொந்தத் தோட்டாவால. கடைசிக் குண்டு நடுவில விழ, பின்னால நிண்ட முழுக் கிளப்பும், தொப்பையும் மீசையுமான அத்தனை ஜேர்மன்காரரும், என்னைப் பாத்துத் தலையை அங்கயும் இங்கயும் ஆட்டிச்சினம். நான் என்ன செய்ய? நானும் ஆட்டினன்.

இண்டைக்கும் அந்தக் கிளப்பில நடுவில விழுந்தா வாயால சொல்றதில்லை, ஆட்டுறதுதான். தொழிற்சாலையில ஹோர்ஸ்ட் அதைப் பரப்பிவிட்டுப் பென்ஷனில போனதால, இப்ப ஆர் ஓம் எண்டினம், ஆர் இல்லை எண்டினம் எண்டு ஒருத்தருக்கும் விளங்கிறதில்லையாம், அப்பா ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "பாதி உன்ர தலைக்கு" எண்டு ஹோர்ஸ்ட் போட்டியில கிடைச்ச வெற்றிக் கோப்பையை எங்கட வீட்டிலயே கொண்டுவந்து தந்திட்டார்.

இப்ப அதுக்குள்ள அம்மா கடுகு போட்டு வைச்சிருக்கிறா.