நான் ஓட்டாத எட்டு கிலோமீட்டர்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த ஒரு வரியை நாற்பத்திரண்டு வயதில், பாலித் தீவின் ஒரு மலைச்சரிவில், முப்பது பேர் காதில் விழும்படி அலறிச் சொல்ல வேண்டி வந்தது. அதற்கு முன்னால் பதினேழு வருடம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: மடுகரையிலிருந்து நெட்டப்பாக்கம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய் வந்தவள் நான். கல்யாணமான புதிதில் அந்தத் தூரம் மூன்று கிலோமீட்டராக இருந்தது. மகள் யாழினி எல்கேஜி சேர்ந்தபோது ஐந்தானது. பத்தாவதில் அவள் டியூஷனுக்கு ஆட்டோ வைக்கச் சொன்ன அன்றைக்கு எட்டு. (எதிர்க்காற்று, மழை, கரும்பு லாரி எல்லாம் அன்றைக்குத்தான் கதைக்குள் வந்தன.)

"எட்டு கிலோமீட்டர் மிதிச்சவடி நானு. உனுக்கு இன்னா, காலு தேஞ்சிடுமா?" என்று கேட்டேன். மறுநாளே அவள், நாங்கள் இப்போது இருக்கும் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் டியூஷனுக்கு சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தாள். இரண்டு தடவை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவே அழாமல் போய்வந்திருக்கிறாளே என்று அவளும் அழவில்லை.

உண்மை என்னவென்றால், சைக்கிள் இருந்தது. அப்பா வாங்கித் தந்தார். ஆனால் பள்ளிக்கூடம் போகிறவர்கள் நாங்கள் நான்கு பெண்கள், சைக்கிள் ஒன்றுதான். மூன்று பேரை நடக்கவிட்டு நான் மட்டும் ஏறிப்போனால் அப்புறம் யார் என்னோடு பேசுவார்கள்? அதனால் நான்கு பேர் பையையும் ஹேண்டில்பாரிலும் கேரியரிலும் மாட்டி, பேசிக்கொண்டே தள்ளிப்போவோம். நான்கு வருடம் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி ஊர் சுற்றியவன் என் தம்பி.

மூலக்குளத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ஒரு டைல்ஸ் கம்பெனி, வியாபாரிகளைக் குடும்பத்தோடு பாலிக்குக் கூட்டிப்போனது. அங்கே ஒருநாள் மட்டும் அவரவர் இஷ்டம்: கோயில், மசாஜ், சைக்கிள். அதற்கான ஃபாரத்தை நிரப்பியவள் யாழினி.

"ஃபுல்லா எறக்கம்தாம்மா. மேல வேன்ல கொண்டும்போய் வுட்டுடுவாங்க. மிதிக்கவே தேவல. உனுக்காவத்தான் இத எழுதுனேன்" என்றாள். என் பெயருக்கு நேராக, 'நன்றாக ஓட்டுவார்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதோடு, எங்கள் பக்கம் நான் பார்த்த பெரிய மேடு பாகூர் ஏரிக்கரை. இறக்கம் என்றால் அந்தக் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் பத்தடி. மிதிக்கவே தேவையில்லாத சைக்கிளில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, உட்கார்ந்தால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (பத்தாவது வரை அறிவியலில் நல்ல மார்க் வாங்கியவள் நான்.)

மலை உச்சியில் எல்லோருக்கும் ஹெல்மெட் மாட்டினார்கள். வயான் என்ற வழிகாட்டி, எந்தப் பிரேக்கை முதலில் பிடிக்க வேண்டும் என்று சிரித்த முகமாய் விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் முட்டி வலி என்று வேனிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"உனுக்கு இன்னாபா, நீ எட்டு கிலோமீட்டர் ஆளு. சாப்பாட்டு எடத்துல பாக்கலாம்" என்று ஜன்னல் வழியே கையாட்டினார். வேன் வேறு பாதையில் போய்விட்டது.

முதல் இருபதடி நன்றாகவே போனேன். யாழினி திரும்பிப் பார்த்து, "சூப்பர்ம்மா!" என்றாள். என் வாழ்க்கையில் நான் சைக்கிள் ஓட்டிய மொத்தத் தூரம் அதுதான். அப்புறம் ரோடு கீழே சாய்ந்தது. சைக்கிள் என்னைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. காலை ஊன்றப் பார்த்தேன், செருப்பு போனது. இன்னொரு காலை ஊன்றினேன், இன்னொரு செருப்பும் போனது. பெற்ற மகளையே முந்திக்கொண்டு போனேன். பொய் அம்பலமானாலும் சரி, உயிரோடு ஊர் திரும்பினால் போதும் என்று தோன்றிய அந்த நொடியில், விழுப்புரம், கடலூர் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"யோவ்! எனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுய்யா! யாராவது புடிங்கய்யா!"

யாரும் பிடிக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காயவைத்திருந்தார்கள். அதுதான் பிடித்தது.

தலை நிமிர்ந்தபோது அந்த வீட்டுப் பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றாள். எங்கள் ரோட்டில் காயவைத்த நெல்லில் எவனாவது பைக்கை விட்டால் நானும் இப்படித்தான் நிற்பேன். நானாக இருந்தால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. முட்டியில் ரத்தத்தோடு உட்கார்ந்து, சிதறிய கொட்டைகளை அள்ளினேன். என் செருப்பு இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்த யாழினி, எதிரே உட்கார்ந்து அவளும் அள்ளினாள். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாப்பாட்டு இடம் இன்னும் ஆறு கிலோமீட்டர் கீழே இருந்தது. வேறு வழியில்லை, சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். யாழினியும் ஏறாமல் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். இனி இந்தப் பெண் நான் சொல்லும் எதையும் நம்பமாட்டாள், தொண்டைக்கு மிளகு கஷாயம் நல்லது என்றால்கூட நம்பமாட்டாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நெஜமா எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டாள்.

"மூணு கிலோமீட்டரு."

"ஓட்டவே இல்லியா?"

"தள்ளிக்கினு போவேன். நாலு பேரு பையும் அதுலதான் கெடக்கும்."

அவள் தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள். பிறகு தன் தோள்பையைக் கழற்றி என் ஹேண்டில்பாரில் மாட்டினாள். "அப்பன்னா இதையும் தள்ளு" என்றாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த வயான், இவ்வளவு நேராக சைக்கிள் தள்ளுகிறவரை நான் பார்த்ததே இல்லை என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மலையிறங்கிய எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். ஊர் வந்ததும் யாழினிக்கு டியூஷன் ஆட்டோ ஏற்பாடானது, நான் வாயே திறக்கவில்லை. என் சான்றிதழை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அது என்ன என்று கேட்கிறார்கள். அவள் உட்காரவைத்து முழுக்கதையும் சொல்கிறாள்.

முதலில் சொன்னபோது நான் தள்ளியது ஆறு கிலோமீட்டர். பொங்கலுக்கு என் தம்பி வந்தபோது பத்தானது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லும்போது பதினெட்டு. மழையும் பெய்ததாம்.

நான் திருத்தவில்லை.