உண்ணி அக்காவின் ஏச்சு

பொகவந்தலாவைப் பக்கம் நாய், பூனை வளர்த்துவிட்டு உண்ணி அக்காவிடம் ஏச்சு வாங்காமல் தப்பியவர் ஒருவர்கூடக் கிடையாது. தோட்டத்துத் தொரையிலிருந்து கோயில் பூசாரிவரை எல்லோரும் வாங்கியிருக்கிறோம். அவர் ஏசாத ஜீவன்கள் நாய்களும் பூனைகளும் மட்டும்தான்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள், மலையிலிருந்து இறங்கி வந்தவர், என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே வாசலில் படுத்திருந்த என் நாய் ஜிம்மியிடம் போய்க் குந்தினார். அதன் காதைத் தூக்கிப் பார்த்தார்.

“சார், நீங்க நாய் வளக்குறீங்களா, உண்ணி வளக்குறீங்களா?”

மடியிலிருந்து முள் எடுக்கும் சின்ன இடுக்கி வெளியே வந்தது. தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஒவ்வொன்றாக சவர்க்காரத் தண்ணீர் போத்தலில் போட்டார்.

“எண்ணுங்க. கணக்கு வாத்தியார்தானே?”

“தமிழ் வாத்தியாருங்க.”

“அப்படின்னா சத்தமா எண்ணுங்க!”

பதினேழு வரை எண்ணினேன். ஒத்தாசையாக இருக்கட்டுமென்று ஒன்றை நகத்தால் நசுக்கப் போனேன். கையில் சுளீரென்று அடி விழுந்தது. “அந்த ரத்தத்துல என்ன நோவு இருக்கோ! அதை நகத்துல பூசிக்கிட்டு சோறு திம்பீங்களா?”

கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், காய்ச்சலில் சுருண்டு கிடந்த பூனைக்குத் தன் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கப் போனார். மாவு வாங்க வந்த அக்கா தட்டிவிட்ட வேகத்தில் மாத்திரை கடலை மூட்டைக்குள் போய் விழுந்தது.

“அது பூனைக்கு வெஷம் நானா!”

“பாதிதானே புள்ள.”

“பாதி வெஷம் தந்தா நீங்க குடிப்பீங்களா?”

பூனையைத் துவாயில் சுற்றி மகனிடம் கொடுத்து ஹட்டன் மிருக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார் நானா. மாத்திரை அகப்படும்வரை கடலை விற்கக் கூடாதென்று அக்கா மூட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று காலை முழுவதும் கடலையைப் புடைத்ததுதான் நானாவின் வியாபாரம்.

விசர்நாய்த் தடுப்பூசி போட ஆட்கள் மைதானத்துக்கு வருவதாக அறிவித்திருந்தார்கள். வேலை நாள், யாரும் நாயைக் கொண்டுபோவதாக இல்லை. விடிந்ததும் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் முன்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார் அக்கா.

“கண்டாக்கையா, ஒரு மணி நேரம் விடுங்க. வெறி புடிச்ச நாய் நாலு பேரக் கடிச்சா ஒங்க கொழுந்த யாரு பறிப்பா? தொர பங்களா நாயையும் கொண்டாங்க! கழுத்துல வெள்ளிச் சங்கிலி போட்டா வெறி வராதுன்னு எவன் சொன்னது?”

அந்த ஒரு மணி நேரத்தில் சேலைக் கிழிசலில் கட்டியும், உரச்சாக்கில் போட்டும், தோளில் தூக்கியும் நாய்கள் வந்தன. வரிசையின் கடைசியில், பங்களா நாய் இழுத்த இழுப்புக்கெல்லாம் கண்டாக்கையா போய்க்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் ரசித்துப் பார்த்த எனக்கு, என் முறை வந்தபோது ரசிக்க முடியவில்லை. ஜிம்மியின் முதுகில் முடி கொட்டி, தோல் தடித்துப் புண்ணாகியிருந்தது. பாடசாலை வாசலில் அக்கா என்னை மறித்துக்கொண்டார்.

“சொறி சார் இது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு எத்தன தரம் சொல்றது? நீங்கல்லாம் படிச்சவங்களா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை எரிந்தது. “என் நாய எனக்குப் பாக்கத் தெரியும். ஒங்க வேலையப் பாருங்க!”

அந்தக் கோபத்தில்தான் ஆட்டோக்காரர் சொன்னதைக் கேட்டேன். “பழைய இஞ்சின் ஒயில் பூசுங்க சார், மூணே நாள்ல காஞ்சிரும்.” சனிக்கிழமை காலையில் பூசினேன். ஜிம்மி நக்கிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு வாந்தி எடுத்தது. பிறகு கால்கள் நடுங்கி நிற்க முடியாமல் சரிந்தது. வீம்பை விட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அக்கா குடியிருந்த லயத்துக்கு ஓடினேன்.

கறுப்புக் கறுப்பாக மினுங்கிய முதுகைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. “வாய்க்கட்டு போடாதீங்க, வாந்தி வருது. தலையப் புடிங்க, நக்க விடாதீங்க.” இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்திலும் மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். துடைத்துக் கம்பளியில் சுற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போக வந்தது அதே ஆட்டோ.

அந்த மனிதனுக்கு விழுந்த ஏச்சை இன்றுவரை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வளைவுக்கு வளைவு விழுந்தது. “ஒயில் பூசச் சொன்னியே, இதுக்கு இஞ்சின் எங்க இருக்கு, காட்டு! ரோட்டப் பாத்து ஓட்டு! எனக்குப் பதில் சொல்லு!” எதைச் செய்வதென்று தெரியாமல் அவர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சிங்கள மிருக வைத்தியர் சேலைன் ஏற்றினார். சொறிக்கு ஊசி தனி என்றார். பிழைக்குமா என்று சிங்களத்தில் அக்காதான் கேட்டார். மூன்று நாள் போகட்டும் என்றார் வைத்தியர்.

மூன்று நாளும் வேலை விட்டதும், அக்கா மழையில் நனைந்த தலையோடு என் வீட்டுக்கு வந்து ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் வாயோரம் விட்டார். அது வழிந்து வெளியே வந்தது. என்னிடம் பேசவேயில்லை.

“அக்கா, என்னைய ஏசுங்க” என்றேன் இரண்டாம் நாள்.

“ஏசி என்ன செய்ய” என்றார், நாயைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் மாலை, ஜிம்மி தலையைத் தூக்கி, கரண்டியைத் தானே நக்கியது. பிறகு கோப்பையில் வாயை வைத்தது. அக்கா சட்டென்று திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். வாசலையே பார்த்துக்கொண்டு போட்டதில் சீனி கூடிவிட்டது.

ஒரு வாய் குடித்தார். “என்னா சார் இது, சீனிப்பாணியா? ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியல, ஒங்கள நம்பி ஒரு வாயில்லா ஜீவன்! படிச்சு என்ன கிழிச்சீங்க?”

தொடங்கியவர் ஓயவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்றிருந்தது.