இலைக்குக் காது கொடுத்த தொழிற்சாலை

திங்கட்கிழமை வந்தால் போதும், எங்கள் தொழிற்சாலையில் செடி பேசும்.

சிரிக்காதீர்கள். நானூறு பேர் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பெரிய கூடத்தில் முண்டியடித்துக்கொண்டு நிற்போம். முன்வரிசை இடத்துக்காகப் பொதி கட்டும் பிரிவில் கைகலப்பே நடந்திருக்கிறது. கையை ஓங்கியவன் நான்தான். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளனும் நான்தான்.

நாங்கள் செய்வது பிளாஸ்டிக் செடி. ஓட்டல் வாசலிலும் பல் மருத்துவர் அறையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருடக்கணக்கில் பச்சைப் பசேலென்று நிற்கிறதே, அது எங்கள் கைவண்ணம். "தொட்டுப் பார்த்தாலும் தெரியாது!" என்று பெட்டிக்குப் பெட்டி அச்சடித்து ஒட்டுவோம். இப்படிப்பட்ட கம்பெனிக்குத்தான் ஒருநாள் பசுமைப் பைத்தியம் பிடித்தது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் சரக்கில் பாதியை வாங்கும் பெரிய கடை நிறுவனம், "சுற்றுச்சூழலுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஆறு மாதத்தில் நேரில் வந்து பார்ப்போம்" என்று கடிதம் போட்டுவிட்டது. எங்கள் முதலாளி நல்ல மனிதர். மெதுவான குரலில் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. பிளாஸ்டிக் உருக்கும் கூடத்தில் புகைவடிகட்டி கிழிந்து ஒரு வருடமாகிறது என்று உருக்குக்காரர் கத்திக் கத்திச் சொன்னார், ஏறவில்லை. செடியோடு பேசுவேன் என்று வந்து நின்ற இலைஞானி மெதுவாகப் பேசினார், சட்டென்று ஏறிவிட்டது.

இலைஞானி பச்சைப் பட்டு உடுத்தி வெறுங்காலோடு வருவார். செருப்புப் போட்டால் மண்ணுக்கு வலிக்குமாம். அவருடைய கார் மட்டும் கூட்டம் நடக்கும் மூன்று மணி நேரமும் வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். திரும்பிப் போகும்போது இருக்கை குளுகுளுவென்று இருக்க வேண்டாமா?

பிரிவுக்கு ஒன்றாகப் பத்துத் தொட்டிச் செடிகள் கொடுத்தார். எல்லாம் நிஜச் செடிகள். வாரம் முழுக்க அவை எங்களைக் கவனித்துக்கொண்டே இருக்குமாம். திங்கட்கிழமை பத்தையும் மேடையேற்றி, ஓர் இலையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார்.

"கணக்குப் பிரிவுல யாரோ விளக்கை அணைக்காமப் போறாங்க..."

கூடமே "ஆ!" என்று வாயைப் பிளக்கும். விளக்கை ஒழுங்காக அணைத்துவிட்டுப் போகும் கணக்குப் பிரிவு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிறகு சொந்தக் கேள்விகள் ஆரம்பமாகும். தங்கைக்கு எப்போது வரன் அமையும்? வந்த மாமியார் எப்போது ஊருக்குக் கிளம்புவார்? செடி சளைக்காமல் பதில் சொல்லும். நான் பதவி உயர்வு பற்றிக் கேட்டேன். "பொறுத்திரு, தளிர் விடும்" என்றது செடி. மூன்று நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு சங்கதி மட்டும் உறுத்தியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் ஞானி மேலாளர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் காபி குடிப்பார். மேலாளருக்குப் பிடித்தவர்களைச் செடிக்கும் பிடிக்கும். உருக்குக்காரரைக் கண்டால் இருவருக்கும் ஆகாது.

"இந்தச் செடி வாடுது," என்றார் ஞானி ஒரு திங்கட்கிழமை, உருக்குக் கூடத்துத் தொட்டியைத் தடவிக்கொண்டே. "கரி புடிச்ச மனசு ஒண்ணு பக்கத்துல இருக்கு. எப்பப் பாத்தாலும் குறை சொல்ற மனசு."

"மனசு இல்லீங்க, புகை. அந்த வடிகட்டிய..." என்று உருக்குக்காரர் ஆரம்பித்தார். மிச்சத்தை இருமல் விழுங்கிவிட்டது.

மேலாளர் எழுந்தார். "அடுத்த வாரமும் செடி இதையே சொன்னா, நீங்க வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உருக்குக்காரரின் மனைவி எங்கள் வண்ணக் கூடத்தில் வேலை செய்கிறாள். பிளாஸ்டிக் இலைகளுக்கு நரம்பு எழுதுவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு இலை எழுதுகிறாள். அன்று சாயங்காலம் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏண்ணே, நீங்களும் கை தட்டுனீங்கல்ல?"

"எல்லாரும் தட்டுனாங்களேம்மா..."

"எல்லாரும் கிணத்துல குதிச்சா குதிப்பீங்களா? அந்தச் செடிய உத்துப் பாத்தீங்களா? இலை ஓரம் பூரா கருகியிருக்கு. புகை பட்டா கருகாம சிரிக்கவா செய்யும்? என் வீட்டுக்காரரோட நெஞ்சும் அப்படித்தான் இருக்கும். இந்த வேலையும் போச்சுன்னா அவர எத வச்சு வைத்தியம் பாப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை அச்சுக் கூடத்துச் சாவி உங்க கிட்டத்தானே இருக்கும்? குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு செடிக்கு நரம்பு எழுதணும்."

கொடுத்தேன். கை தட்டிய கைக்கு அந்த வேலையாவது இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வந்தது. பெரிய கடையின் கொள்முதல் அதிகாரி அம்மாள் முன்வரிசையில், மடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. ஞானிக்கோ உற்சாகம் தாங்கவில்லை. உருக்குக் கூடத்துத் தொட்டியைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தினார், தண்ணீர் தெளித்தார், ஓர் இலையைக் காதில் ஒட்டினார். ஒரு நிமிடம் ஆனது. அவர் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது!

"அழுவுது... தாய்ச்செடி ஆத்தங்கரையில நின்னுச்சாம். அந்தக் குளுமைய நினைச்சு நினைச்சு அழுவுது. இந்த ஆளை இன்னைக்கே அனுப்பிடுங்கன்னு கெஞ்சுது."

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்," என்று உருக்குக்காரரின் மனைவி மேடையேறினாள். "ஆத்தங்கரைன்னு அதுவே சொல்லிச்சா?"

"என் காதுல சொல்லுச்சும்மா."

"பொய் சொல்லுதுங்கய்யா. அது நேத்து மத்தியானம் நம்ம அச்சுல பொறந்துச்சு. நான்தான் நரம்பு எழுதினேன்."

டப்பென்று ஓர் இலையைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினாள். எங்கள் இலை ஒவ்வொன்றுக்கும் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். இதிலும் இருந்தது. முதலாளி அதை வாங்கிப் பார்த்து, பழக்க தோஷத்தில், "முத்திரை நல்லா விழுந்திருக்கே!" என்றார்.

கூடம் குலுங்கியது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் காதில் பூச் சுற்றுவது எங்கள் தொழில். எங்கள் காதில் ஒருத்தர் சுற்றியிருக்கிறார், அதுவும் எங்கள் பூவையே!

ஞானி லேசுப்பட்டவரா என்ன? கையை உயர்த்தினார். "பிளாஸ்டிக் எதுலேர்ந்து வருது? எண்ணெயிலேர்ந்து. எண்ணெய்? கோடி வருஷத்துக்கு முந்தி மண்ணுல புதைஞ்ச உயிருங்க! அந்த உயிருதான் அழுதுச்சு!"

நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது. "அட, ஆமால்ல?" என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

அவள் அசரவில்லை. "சரிங்கய்யா. மீதி ஒம்பது தொட்டி இருக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டு, தொடாம, காதால மட்டும் கேளுங்க. எது நெசம், எது பிளாஸ்டிக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

மறுக்க வழியில்லை. அவருடைய பச்சைத் துண்டாலேயே கண்ணைக் கட்டினார்கள். ஒவ்வொரு தொட்டியாகக் காதை நீட்டினார். சூடு பட்டவர் அல்லவா, பார்க்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக்காகத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது பிளாஸ்டிக். இதுவும்தான். இது... உயிர். அடுத்த நாலும் பிளாஸ்டிக். மிச்ச ரெண்டும் உயிர்."

அவர் பிளாஸ்டிக் என்ற ஒவ்வொன்றிலும் அவள் ஓர் இலையைக் கிள்ளி, வடிந்த பச்சைச் சாற்றைத் தன் வெள்ளை மேலங்கியில் தேய்த்துக் காட்டினாள். மிச்ச மூன்றிலும் கிள்ளிக் காட்டினாள். ஒன்பதும் நிஜம். அவர் கொண்டுவந்து கொடுத்த அதே செடிகள்!

"அப்ப விளக்கு விஷயம்? என் மாமியார் விஷயம்?" என்று கூட்டம் மேடையை நெருங்கியது.

"எனக்கு என்னங்க தெரியும்? மேலாளர் எழுதிக் குடுத்ததத்தானே சொன்னேன்!" என்று ஞானி துண்டை அவிழ்த்தார். மேலாளர் அதற்குள் பின்வாசலில் இருந்தார். மண்ணுக்கு வலிக்கிறதா என்று பார்க்காமல் ஞானியும் அவர் பின்னாலேயே ஓடினார். கார்தான் தயாராக உறுமிக்கொண்டிருந்ததே.

சிரிப்பு அடங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. உருக்குக்காரர் இருமினார். நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நானூறு பேரும் அப்போதுதான் அதை முதல்முறையாகக் கேட்டோம், ஒரு வருடமாக அது கேட்டுக்கொண்டிருந்தும்.

"வடிகட்டி கிழிஞ்ச கூடத்துப் புகைங்க," என்றாள் அவர் மனைவி. கொள்முதல் அதிகாரி எழுந்தார். "எனக்கு அந்தப் புகைக்குழாயக் காட்டுங்க."

முதலாளி திருதிருவென்று விழித்தார். உருக்குக்காரரின் மனைவி அவரிடம் குனிந்து, மிக மிக மெதுவான குரலில் சொன்னாள்: "ஐயா, வடிகட்டிய மாத்துங்க."

உடனே ஏறிவிட்டது. அந்த வாரமே புது வடிகட்டி வந்தது. உருக்குக்காரர் சம்பளத்தோடு விடுப்பில் போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். அவர் கூடத்து நிஜச் செடி வண்ணக் கூடத்து ஜன்னலோரம் தளிர் விட்டிருக்கிறது. என் பதவி உயர்வுதான் இன்னும் விடவில்லை.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். நேற்று உணவுக் கூடத்துக்குப் போனால், அங்கே அழகுக்கு வைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் செடியின் முன்னால் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்! ஒருவன் இலையைக் காதில் ஒட்டிக்கொண்டு, "உஸ்ஸ், என்னமோ சொல்லுது" என்கிறான்.

அட மகராசா, காது இரண்டையும் கண்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டாய். அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று வைத்திருக்கிறாயே, அதை ஒருநாளாவது உபயோகித்துப் பார். அதுவும் பிளாஸ்டிக்கா என்று எங்களுக்கும் தெரிய வேண்டும்.