இன்னும்கொஞ்சக்காரர்

இன்னும்கொஞ்சக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பு பெருத்து, மாடிப்படியைக் கண்டாலே மூச்சு வாங்கி, வீட்டார் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால் ஆஸ்பத்திரியில் படுத்து, இரைப்பையைச் சின்னதாக வெட்டித் தைத்துக்கொண்டு வந்து, மளமளவென்று இளைத்து, டாக்டரே "போதும்" என்று சொன்ன பிறகு, "இன்னும் கொஞ்சம் குறைச்சா என்ன?" என்று ஆரம்பிப்பார்களே, அவர்கள்தான். குறைத்தும் தொலைக்க மாட்டார்கள், விட்டும் தொலைக்க மாட்டார்கள். ஊரைக் கூட்டி ஆலோசனை நடத்துவார்கள்.

நமக்கு ஒரே ஒருவர் போதும். தையல்கடைக்காரர். சட்டை தைக்க வருகிறவரை அளக்கும் முன் தன்னைக் காட்டி நிற்பார்.

"சார், மனசுல பட்டதைச் சொல்லுங்க. இந்த உடம்பு போதுமா, இன்னும் ஒரு அஞ்சு கிலோ இறக்கலாமா?"

"போதுங்க. நல்லாத்தானே இருக்கீங்க!"

போயிற்று. சொன்னவருக்கு வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்து வந்தவர் பாவம், "கொஞ்சம் குறைக்கலாம்" என்றார். மரியாதை தெரியாத ஆள். அவருடைய சட்டை ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்படியானால் என்னதான் சொல்லித் தொலைப்பது? அது அவருக்கே தெரியாது.

காலையில் எடை பார்ப்பதைக் கேளுங்கள். வாட்சைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், மூக்குக்கண்ணாடியையும் கழற்றுவார். கண்ணாடி இல்லாமல் முள் தெரியாது. மனைவியைக் கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு அந்த அம்மாள் வந்து குனிந்து பார்ப்பாள்.

"நேத்து இருந்ததுதாங்க."

"மெஷினை அந்த ஓரமாத் தள்ளு. இங்க தரை மேடு."

ஓரத்திலும் அதுதான். தரையில் கோளாறு இல்லையென்றால் மெஷினில் கோளாறு. அவரிடம் மட்டும் ஒரு கோளாறும் கிடையாது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "எடை வரவேண்டிய இடத்துக்கு வந்தாச்சு. இனிமே குறைக்காதீங்க. முட்டை, பருப்பு, மீன்னு சத்தாச் சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா மயக்கம்தான் வரும்." வீட்டுக்கு வந்து இவர் சொன்னது வேறு. "வாய் போதும்னுதான் சொல்லுச்சு. ஆனா முகத்துல ஒரு யோசனை ஓடுச்சு, நான் பாத்தேன்." அன்றிலிருந்து முட்டையில் பாதி மனைவியின் தட்டுக்குப் போனது. பருப்பும் போனது. "உங்க வயித்துல குறைச்சதெல்லாம் என் இடுப்புல வந்து உக்காந்திருக்கு" என்று அவள் புலம்புவதில் நியாயம் இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேண்ட் விஷயத்தைத்தான் எங்கே போய்ச் சொல்வது! ஊருக்கெல்லாம் தொளதொள பேண்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற மனிதர், தான் மட்டும் பழைய பேண்டோடு அலைந்தார். உள்ளே இன்னொரு ஆள் வசதியாகக் குடியிருக்கலாம். பெல்ட் போட்டால் துணி கொசகொசவென்று சுருங்கி வழுக்கும். ஆகவே இடது கை எப்போதும் இடுப்பில். டீ வாங்குவதும் கும்பிடுவதும் ஒற்றைக் கையில்தான்.

"உங்க பேண்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கக் கூடாதா?" என்றால், "கடைசி அளவு வரட்டும். இப்பப் பிடிச்சுட்டு, அப்புறம் இளைச்சா மறுபடியும் பிரிக்கணுமே?" என்பார். தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய அறிவு இது! வாடிக்கையாளர் வயிற்றை எக்கினால் "மூச்சை விடுங்க சார், போடப்போறது நீங்கதானே" என்று அதட்டுகிறவர், தன்னை அளக்கும்போது வயிறு முதுகோடு ஒட்டும்வரை எக்குவார். பிறகு அந்த அளவையும் நம்ப மாட்டார்.

இப்படி இருக்கையில், ஒரே மகளுக்கு வெகுதூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அவள் கிளம்பும் வாரத்தில் இவர் துணி வெட்டும் மேஜைமேல் அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்த பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க. எங்ககூட ரொம்ப நாள் இருக்கணும்னுதானே அந்த ஆபரேஷனே பண்ணிக்கிட்டீங்க? அவ ஊருக்குப் போறா. அவகூட உக்காந்து நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டீங்களா? எப்பப் பாரு தட்டையே முறைச்சுக்கிட்டு!"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் நம்மவர் லேசில் பிடிகொடுப்பாரா? "அவ போகட்டும், யோசிச்சு ஒரு முடிவுக்கு வரேன்" என்றார்.

ரயில் நிலையம். பெட்டியை ஏற்றியாயிற்று. மகள் கீழே இறங்கி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் வலது கையால் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நான் அங்க போயிட்டா உங்களை யாருப்பா நச்சரிப்பா? ஒழுங்காச் சாப்பிடுங்க."

"சரிடா கண்ணு."

"ரெண்டு கையாலயும் பிடிங்கப்பா. எப்பத் திரும்பி வருவேனோ."

ரயில் ஊதியது. டாக்டரிடமும், மச்சானிடமும், கடைக்கு வந்தவர் போனவரிடமும் கேட்டுக் கேட்டுத் தீராத மனிதர், இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. இடது கையை எடுத்தார். மகளைச் சேர்த்து இறுக்கி அணைத்தார். பேண்ட் தன் பாட்டுக்குக் கீழே போயிற்று.

பிளாட்பாரமே கொல்லென்று சிரித்தது. மகளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். அவரும் வெட்கத்தை விட்டு அழுதார். மனைவிதான் "ஐயோ, மானமே போச்சு!" என்று குனிந்து பேண்டைத் தூக்கிப் பிடித்தாள். அவர் மகளை விடவில்லை.

மறுநாள் முதல் வேலையாக இருக்கிற பேண்டையெல்லாம் பிடித்துத் தைத்தார். முழு முட்டையைச் சாப்பிட்டார், மனைவிக்குப் பங்கு தராமல். திருந்திவிட்டாரா என்றால், திருந்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேண்ட் இடுப்பிலும், இன்னும் இறுக்கிப் போட ஒரு விரல் தள்ளி இரண்டாவது கொக்கி ஒன்று இருக்கிறது. கேட்டால், "சும்மா, இருக்கட்டுமேன்னு" என்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு ஆபரேஷனும் ஆகவில்லை, நான் இப்படிப்பட்ட ஆளும் இல்லை என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். கடைசியாகக் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட போட்டோவில், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறீர்களே, அது உயரம் அதிகம் என்பதாலா?